மூன்று நிமிடக் கணவாயும் ஒரு மூடியும்

என் அண்ணி கினுயோவுக்கு உட்காரத் தெரியாது. நாத்தனார் குணத்தில் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் துறைமுகத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கல்யாணத்துக்காக எங்கள் ஊருக்கு வந்த அன்றைக்கே, பேருந்து நிற்பதற்குள் குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு சடங்கில் வந்து நின்றவள் அவள். கல்யாணப் போட்டோவில் என் அண்ணன் இசாவோ தெளிவாக விழுந்திருக்கிறான். பக்கத்தில் அவள் நின்ற இடத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரியும். "அசையாதீங்கம்மா" என்று போட்டோக்காரர் மூன்று தரம் கெஞ்சினாராம்.

துறைமுகத்திலிருந்து மேலேறும் சாய்வுத் தெருவில் நான் பெண்களுக்கு முடி திருத்தும் பார்லர் வைத்திருக்கிறேன். ஒருமுறை, சுருள் வைக்கிறேன் வா என்று அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். நாற்பது நிமிடம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடம் ஏதோ படகு ஊதியது. அது எங்கள் படகுகூட இல்லை. தலையில் சுருட்டிய உருளைகளோடு, கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடியேவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பாதித் தலை சுருள், பாதித் தலை கம்பி.

"என்ன அண்ணி இது, என் கடைப் பேரே கெட்டுப்போயிடும்!" என்று கத்தினேன்.

"விடுடி நொபு, குல்லா போட்டுக்கறேன்" என்றாள். மூன்று மாதம் குல்லாவோடுதான் திரிந்தாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சமையல் எப்படி வரும்? முள்ளங்கியை வேகவைத்தால் நடுவில் நறுக்கென்று பச்சையாகக் கடிபடும். பயறு போட்டால் பல் போகும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். இவளுக்கு ஆக்கவும் பொறுக்காது, ஆறவும் பொறுக்காது. ஆனால் ஒரே ஒரு பண்டத்தில் மட்டும் அவளை ஊரில் அடித்துக்கொள்ள ஆளில்லை. அது கணவாய்.

காலையெல்லாம் கணவாய் மீன் கொட்டகையில் கீறிக் கீறிப் பழகிய கை அது. வீட்டுக்கு வந்தாலும் அதே வேகம். காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் குடலோடு ஈரல் பையும் முழுசாக வெளியே வரும். மைப் பையைக் கிள்ளி எறிவாள், நடுவிலிருக்கும் கண்ணாடி போன்ற முள்ளை உருவுவாள், உடலை வளையம் வளையமாக நறுக்குவாள். வாணலி புகையும்போது கணவாயைப் போட்டு, மேலே ஒரு மடக்கு அரிசி மது. ஈரல் பையைக் கீறி விரலால் வழித்துப் போட்டு, ஒரு உருண்டை மிசோ என்னும் சோயா விழுது, கை நிறைய வெங்காயத்தாள், இஞ்சி. நான்கு புரட்டு. வளையங்கள் வெள்ளையாகி ஓரம் சுருளும் அந்த நொடியில் வாணலி அடுப்பில் இருக்காது. எண்ணி மூன்றே நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலும் கணவாய் செருப்பாகிவிடும்.

அண்ணன் சொல்வான்: "பொறுமைசாலி சமைச்சா கணவாய் ரப்பர். என் பொண்டாட்டி சமைச்சாத்தான் அது கணவாய்."

நாற்பது நாள் கடலில் கணவாயோடு கிடந்துவிட்டு வருகிறவன், கரையேறியதும் கேட்பதும் கணவாய்தான். அவன் ருசி அப்படி.

அவள் அவசரத்தால் கெட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு. அது மூடி.

ஆண்கள் கடலில் இருக்கும்போது எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டின்போது அவர்களுக்கும் ஒரு தட்டு வைப்போம். அவரவர் உட்காரும் இடத்தில், அவரவர் இருக்கை மெத்தையின் முன்னால், பிடித்த பண்டத்தோடு. சோற்றுக் கிண்ணத்தை மூடி போட்டு மூடிவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத் தொடக் கூடாது. முடித்த பிறகு ஒரே ஒரு தரம் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்ப்போம். நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் கடலில் இருப்பவன் சௌக்கியம். காய்ந்திருந்தால், அதை வாயால் சொல்ல மாட்டோம்.

என் அம்மா இருந்தவரை அதை அவள் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு பத்தொன்பது வருடமாகக் கினுயோ. இவளோ, நாங்கள் சாப்பிடத் தொடங்குவதற்கு முன் ஒரு தரம் திறப்பாள். நடுவில் தண்ணீர் எடுக்கப் போகும் சாக்கில் இன்னொரு தரம். ஊறுகாய் எடுக்கிற சாக்கில் மூன்றாவது தரம். ஆவியெல்லாம் போய், கடைசியில் மூடியின் கருப்பு அரக்குப் பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிக் காய்ந்து பளபளக்கும்.

"கையை எடுங்க அண்ணி! சாமிக்கே பரீட்சை வைக்கிறீங்களா?" என்று நான் புறங்கையில் அடிப்பேன்.

"தெரியாமத்தான்டி. கை தானாப் போகுது" என்பாள்.

அண்ணன் ஒவ்வொரு முறையும் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தான். அதனால் எங்கள் வீட்டு மூடிக்கு மட்டும் ஊரில் மதிப்பில்லை.

எழுபத்தொன்பதாம் வருடம் நவம்பர். செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே வடமேற்குக் காற்று பேயாட்டம் ஆடியது. எங்கள் படகுகள் கணவாய் கிடைக்கும் நடுக்கடல் மேட்டுப் பக்கம் இருந்தன. தினமும் காலை எட்டுக்கும் மாலை ஐந்துக்கும் மீனவர் சங்கத்தில் வயர்லெஸ் பார்க்கும் ஷிம்போ படகுகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வரும். பெண்கள் வெளியே ஜன்னலடியில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்று மாலை பதினோரு படகு கூப்பிட்டார், பத்துதான் பதில் சொன்னது. அண்ணன் இருந்த செய்ஹோ மாரு படகிலிருந்து வெறும் இரைச்சல்.

"ஏரியல் கிரியல் ஒடிஞ்சிருக்கும்" என்றார் ஷிம்போ, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

புதன் காலையும் இரைச்சல். புதன் மாலையும் இரைச்சல். ரோந்துக் கப்பல் தேடப் போயிருக்கிறது என்றார்கள். அந்தப் படகில் ஒன்பது பேர். ஒன்பது வீட்டுப் பெண்களும் சங்கத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், ஒருத்தியைத் தவிர.

கினுயோ சங்கத்துப் படிகளைக் கூட்டினாள். கூட்டிய படிகளைக் கழுவினாள். எல்லாருடைய தேநீர்க் கோப்பைகளையும், பாதி குடித்ததையும் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். கொட்டகைக்கு ஓடி யாரும் கேட்காமலேயே மூன்று பெட்டி கணவாயைக் கீறிப் போட்டாள். அலைதடுப்புச் சுவரின் முனைவரை போனாள், வந்தாள், மறுபடி போனாள். மழை வேறு. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என் கூடப்பிறந்தவனும்தானே அவன்? நான் உட்கார்ந்திருக்கவில்லையா?

"காலில என்ன சக்கரமா கட்டியிருக்கீங்க? ஒரு இடத்துல உக்காருங்களேன்! பாக்கிறவங்களுக்குத் தலை சுத்துது" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"உக்காந்தா மூச்சு முட்டுதுடி" என்றாள். அதோடு மறுபடி போய்விட்டாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கும் ஒன்றும் வரவில்லை. மதியம் நான் பார்லரைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கொட்டகை ஏப்ரனோடு, ஈரக் கூந்தலோடு, இரண்டு கணவாயை விரலில் கோத்துக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே நுழைந்தாள்.

"சாப்பிட்டியா?"

"யாருக்கு இறங்கும்?"

"இறங்கலேன்னாலும் அவருக்கு வைக்கணும்ல."

அடுப்பைப் பற்றவைத்தாள். ஓர் இழுப்பு, ஒரு கிள்ளு, வளையம் வளையமாக. வாணலி சீறியது. ஈரலும் மிசோவும் சேர்ந்து பொங்கும் அந்த வாசனை வந்ததும், அண்ணன் குளித்துவிட்டு அடுத்த அறையில் துண்டோடு நிற்கிறான் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம். இறக்கிவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மூடியைப் போட்டு, அண்ணனின் மெத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் கணவாய். சாப்பிடுகிற குச்சிகள் அவன் கைப்பக்கம்.

நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"இன்னைக்கு மட்டும் தொடக் கூடாது. சொல்லிட்டேன். பத்தொம்பது வருஷம் உங்க இஷ்டத்துக்கு விட்டாச்சு. இன்னைக்கு இந்த மூடி என்ன சொல்லுதோ, அதை ஒழுங்கா சொல்ல விடுங்க."

அவள் மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இங்க இருந்தா தொட்டுடுவேன்" என்றாள்.

"அப்ப ஒரு நடை சங்கத்துக்குப் போய்ட்டு வாங்க. வந்ததும் சாப்பிடலாம். அப்புறம் திறக்கலாம்."

உடனே போய்விட்டாள். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எனக்கே ஆச்சரியம்.

தனியாக அந்த மூடியின் முன்னால் உட்கார்ந்தேன். மழை தகரக் கூரையில் அடித்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேனே தவிர, என் கை மட்டும் என்ன கல்லா? அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு அலைதடுப்புச் சுவர்மேல் ஓடியது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், எட்டித் திறந்துவிட்டேன்.

காய்ந்திருந்தது.

ஒரு பொட்டு ஈரம் இல்லை. இன்று யாரும் திறக்கவில்லை. நான் கண்கொட்டாமல் காவல் இருந்தேன். இருந்தும் மூடி காய்ந்திருந்தது. கருப்பு அரக்கில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

வாசலுக்கு வெளியே சரளைக் கல்லில் அவள் ஓடிவரும் சத்தம் கேட்டது. யோசிக்கவில்லை. கெட்டிலில் இருந்த வெந்நீரில் விரலை விட்டு மூடியின் உட்புறத்தில் தெளித்தேன். ஒரு தரம், இரண்டு தரம். முத்து முத்தாக நின்றது. மூடிவிட்டு, என் இடத்தில் போய் உட்கார்ந்து, சுட்ட விரலை மடியில் மறைத்துக்கொண்டேன். பொய்யே சொல்லாதவள் என்று நான் பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். பார்லர் வைத்திருக்கிறவள் தினமும் பத்துப் பேரிடம் "அழகா இருக்கீங்க" என்று சொல்லியாக வேண்டும். ஆனால் சாமி காரியத்தில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் வரல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றினாள். அவசரத்தில் அப்படித்தான் சாப்பிடுவாள், சோற்றைத் தேநீரில் மிதக்கவிட்டு. கணவாயை ஆளுக்கு நாலு வளையம் வைத்துக்கொண்டோம். என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "திறங்க அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் மூடியைத் திறந்து திருப்பினாள். நீர் முத்துகள் வழிந்து சேர்ந்து ஒன்று சொட்டியது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை மெதுவாகத் தட்டின்மேல் வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைத்து நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்காரு" என்றாள்.

"நல்லாத்தான் இருப்பான். நான்தான் சொன்னேனே" என்றேன்.

"இன்னொரு கிண்ணம் போட்டுக்கறேன். நீயும் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள், சாப்பிட்டாள், எனக்கும் ஊட்டாத குறையாக வைத்தாள். பிறகு சங்கத்துக்குப் போனோம். அங்கே நடந்ததை இன்றைக்கும் எங்கள் ஊரில் சொல்வார்கள். கினுயோ உட்கார்ந்தாள். பெஞ்சின் ஓரத்தில், கையை மடியில் கோத்துக்கொண்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணி வயர்லெஸ் வரை. கேப்டனின் மனைவி பயந்தேபோய்விட்டாள்.

"ஐயையோ, ஏதாவது சேதி வந்துடுச்சா? கினுயோ உக்காந்திருக்கா!"

நான் அவள் காதில் மூடியைப் பற்றிச் சொன்னேன். முத்து முத்தாக, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். பெஞ்சு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒருத்தி மூன்று நாளில் முதல் தடவையாக மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஐந்து மணிக்கும் இரைச்சல்தான். ஆனாலும் கினுயோ எழுந்திருக்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தால் எனக்கும் மூச்சு சீராக வந்தது. என் பொய் இவளையே உட்கார வைத்துவிட்டதே என்று ஒரு பக்கம் திமிர். நாளைக்குப் பிணம் வந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுபக்கம் நடுக்கம். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு, ஷிம்போ காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தார். ஐம்பது வயது ஆள், குழந்தை மாதிரி அழுதார்.

"ஒன்பது பேரும்! ஒன்பது பேரும் இருக்காங்க!"

பாய்மரக் கம்பத்தோடு ஏரியல் போய், எஞ்சினில் தண்ணீர் புகுந்து, இரண்டரை நாள் வாளியால் இறைத்துக்கொண்டே மிதந்திருக்கிறார்கள். ரோந்துக் கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை மதியம் கரையேறிய அண்ணனுக்கு உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சதை தெரிந்தது.

ஞாயிறு மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கேட்டது வேறென்ன, கணவாய்தான். துணி சுற்றிய கையால் குச்சியைப் பிடிக்க முடியாமல் கரண்டியால் அள்ளித் தின்றான்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "அண்ணே, உங்க வீட்டு மூடி பத்தொம்பது வருஷத்துல முதல் தடவையா ஒழுங்கா வேலை செஞ்சுது தெரியுமா? நான்தான் காவல் இருந்தேன். அப்படிக் கோத்திருந்துச்சு தண்ணி!"

"பாரு, நாத்தனார் காவல் இருந்தாத்தான் சாமியே பேசுது" என்று சிரித்தான் அண்ணன்.

கினுயோ காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நானும் மீதியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நொபு, அந்தச் சோறு காலையில வடிச்சது."

"எந்தச் சோறு?"

"வியாழக்கிழமை அவருக்கு வச்சது. சோறு வைக்கிற மரத்தொட்டியில காலையிலேர்ந்து கிடந்து ஜில்லுனு இருந்துச்சு. மூடியைத் திறந்தியே, ஒரு விரலை வச்சுப் பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

ஆறிய சோற்றில் ஏது ஆவி? ஆவி இல்லாமல் எப்படிக் கோக்கும் நீர்? அன்று எங்கள் சோற்றில் அவள் கொதிக்கும் தேநீரை ஊற்றியது இப்போதுதான் உறைத்தது.

"ஏன் அண்ணி? தெரிஞ்சே ஆறின சோத்தை வச்சீங்களா?"

"சுடச்சுட வச்சு, அதுவும் காஞ்சிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள். "பத்தொம்பது வருஷமா எதுக்குத் திறந்து திறந்து பாத்தேன்னு நினைக்கிறே? மொதல்ல பொறுமை இல்லாமத்தான். அப்புறம்தான் புரிஞ்சுது. அஞ்சு தடவை திறந்தா ஆவி போயிடும். அப்புறம் மூடி காஞ்சிருந்தா அது என் தப்பு, கடலோட தப்பு இல்ல. வியாழக்கிழமை நீ தொடவிட மாட்டேன்னு தெரியும். அதான் ஆறின சோறு."

"அப்ப... அந்தத் தண்ணி..."

"அதைப் பாத்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. இந்த வாயாடியே சாமி மூடியில தண்ணி தெளிச்சிருக்கான்னா, என்னைவிட அதிகமா பயந்திருக்கா. ரெண்டு பேரும் ஓடினா யாரு யாரைப் பிடிக்கிறது? அதான் உக்காந்தேன்."

"மூணு மணி நேரம்!"

அவள் சோப்பு நுரையோடு இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் தள்ளிக் காட்டினாள். உட்புறத் தோலில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை நீலமும் கருப்பும் மஞ்சளுமாகக் தன்னைத்தானே கிள்ளிக் கன்றிய தடங்கள். விரல் வைக்க இடமில்லை.

"நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தே. எப்படி எந்திரிப்பேன்?" என்றாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பாத்திரம் காத்திருக்கு, விடுடி" என்று அரை நிமிடத்தில் கையை உருவிக்கொண்டாள்.

படகுக்குப் புது எஞ்சின் மாட்டியதும் அண்ணன் மறுபடி கடலுக்குப் போனான். மதியத்தில் பார்லரைச் சாத்திவிட்டு நான் அண்ணி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மூன்று நிமிடக் கணவாய், சுடச்சுடச் சோறு, மூடி. அவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஒரு தரம் திறப்பாள், ஊறுகாய் எடுக்கிற சாக்கில் ஒரு தரம் திறப்பாள். நான் இப்போதெல்லாம் அவள் புறங்கையில் அடிப்பதில்லை. அவள் கை ஓய்ந்திருக்கும்போது, நானே எட்டி ஒரு தரம் திறந்துவிடுகிறேன்.